எனக்கு வராது அக்கா

அந்தப் பெண் தாளைக் கவிழ்த்து வைத்த விதம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. கிழிக்கவில்லை, கசக்கவில்லை, அழவும் இல்லை. "சூப்பர்மா, ரொம்ப அழகா வந்திருக்கு" என்று குனிந்து சொன்னேன். ஒரு நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தாளின் இரண்டு மூலைகளையும் பிடித்து, படம் அடியில் போகும்படி சத்தமில்லாமல் புரட்டி மேஜைமேல் வைத்தாள். காற்றில் திரும்பிவிடாமல் இருக்க அதன்மேல் பென்சில் பெட்டியை வைத்தாள். அன்று மிச்சமிருந்த ஒரு மணி நேரமும் அந்தத் தாளை அவள் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்குக் கலர் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு 11 வயது.

தாளில் இருந்தது ஒரு சிறுமியின் முகம். கண்கள் இரண்டும் நெற்றிக்கு ஏறியிருந்தன. மூக்கின் ஒரு பக்கத்தை அழித்து அழித்துப் போட்டதில், அந்த இடத்தில் தாள் பஞ்சுபோலப் பிரிந்து ஊசி முனை அளவுக்கு ஓட்டையே விழுந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சூப்பர் என்றேன். அவள் சோர்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் காட்டவில்லை. அடுத்த 2 வாரமும் நான் பக்கத்தில் போனாலே முழங்கையை மடக்கித் தாளை மறைத்தாள். நல்லெண்ணத்தோடு சொன்ன பாராட்டு ஒரு குழந்தையை ஏன் இப்படி மூட வைத்தது என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

9 முதல் 12 வயதுவரையுள்ள பெண் குழந்தைகளுக்காக வாரம் ஒரு நாள், 2 மணி நேரம், 10 வாரம் நடக்கும் பட்டறை அது. ஓவியம், கதை, குட்டிப் புத்தகம் செய்வது, கொஞ்சம் நாடகம். ஒரு சுற்றுக்கு 12 பேர். அதற்கு மேல் சேர்த்தால் ஒவ்வொருத்தி பக்கத்திலும் உட்கார முடியாது. அறிவிப்பில் "உங்கள் மகளின் தன்னம்பிக்கையை வளர்க்க" என்று எழுதியது நான்தான். சேர்க்க வரும் அம்மாக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்: "முன்னாடியெல்லாம் நல்லா வரைவா. சுவரெல்லாம் கிறுக்கி வைப்பா. இப்ப கேட்டா, எனக்கு வராதுங்கறா." அப்பாக்களும் இதையே சொல்வார்கள். அந்த 'முன்னாடி' எப்போது முடிந்தது என்று கேட்டால் யாராலும் நாள் சொல்ல முடியாது. நாலாவது படிக்கும்போதா, ஐந்தாவது படிக்கும்போதா என்று தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்வார்கள்.

வராது என்ற சொல்

"எனக்கு வராது அக்கா" என்பதை முதல் நாளே குறைந்தது 5, 6 பேரிடமாவது கேட்டுவிடுவேன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தமிழில் பாட்டு வரும், கணக்கு வரும், ஓவியம் வரும். வருவது அது. நாம் அது வருமா என்று காத்திருப்பவர்கள். வந்தால் கொடுப்பினை, வராவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. "நான் வரைய மாட்டேன்" என்று ஒரு குழந்தை சொன்னால் அதில் பிடிவாதமாவது இருக்கிறது, சொல்கிறவள் அதற்குள் நிற்கிறாள். "எனக்கு வராது" என்பதில் அவள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். அதிலும் 'வரல' என்பதற்கும் 'வராது' என்பதற்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. 'வரல' என்றால் இன்றைக்கு, இந்தத் தாளில், இந்த மூக்கு வரவில்லை. 'வராது' என்றால் இன்றைக்கும் வராது, இனிமேலும் வராது. சித்திரமும் கைப்பழக்கம் என்று காலங்காலமாகச் சொல்லிவரும் மொழியில்தான் இந்தச் சொல்லும் இருக்கிறது. ஆனால் குழந்தைகளின் காதில் அதிகம் விழுவது இதுதான். "இவளுக்கு டிராயிங் வராது, இவ அக்காவுக்குத்தான் நல்லா வரும்" என்று குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பெரியவர்கள் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

லின் மைக்கேல் பிரவுன், கேரல் கில்லிகன் என்ற உளவியலாளர்கள் 7 முதல் 18 வயதுவரையான ஏறத்தாழ 100 மாணவிகளிடம் ஆண்டுக்கணக்கில் பேசி 1992ல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மறப்பதே இல்லை. 8 வயதில் மனதில் பட்டதைப் பளிச்சென்று சொல்லும் பெண், 11, 12 வயதை நெருங்கும்போது "எனக்குத் தெரியாது" என்று அடிக்கடி சொல்லத் தொடங்குகிறாள். அவளுக்குத் தெரிந்தது எங்கும் போய்விடவில்லை. தெரிந்ததைச் சொன்னால் என்ன ஆகும் என்ற கணக்கு உள்ளே ஓட ஆரம்பித்துவிடுகிறது, அவ்வளவுதான். "தெரியல அக்கா", "சும்மா வரஞ்சேன்", "நல்லாவே இல்ல, பாக்காதீங்க" என்று என் அறையில் கேட்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும். நல்லா இல்லை என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அதைச் சொல்ல மற்றவர்களுக்கு வேலை இருக்காது அல்லவா?

கண் முந்திக்கொள்ளும் வயது

ஏன் இந்த வயதில்? ஓவியக் கல்வியில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. விக்டர் லோவன்ஃபெல்ட் 1947லேயே குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்து எழுதினார். 2 வயதில் கிறுக்கல். 4 வயது வாக்கில் தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதர்கள். 7 வயதில் தாளின் அடியில் ஒரு கோடு, அது தரை. மேலே ஒரு நீலப் பட்டை, அது வானம். நடுவில் வீடும் மரமும் அம்மாவும். அந்த வயதுக் குழந்தைக்குத் தன் படத்தில் குறையே தெரியாது. அம்மா என்றால் அது அம்மாதான். ஏறக்குறைய 9 வயதில் ஒரு மாற்றம் வருகிறது. நிஜத்தில் இருப்பதைப் போலவே வரைய வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. கூடவே, தன் படம் நிஜத்தைப் போல இல்லை என்பதும் முதன்முறையாகக் கண்ணில் படுகிறது. கண் வேகமாக வளர்ந்து முன்னே ஓடிவிடுகிறது. கை நேற்று இருந்த இடத்திலேயே நிற்கிறது. நிறையப் பேர் வரைவதை விட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். என்னிடம் வரும் குழந்தைகளில் "எனக்கு வராது" என்று அழுத்திச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல கண் உள்ளவர்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

பெண் குழந்தைகளுக்கு இதே வயதில் இன்னொன்றும் நடக்கிறது. உடல் மாறத் தொடங்குவது பெரும்பாலும் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் நடுவில்தான். சுற்றியிருப்பவர்கள் உயரம், நிறம், எடை, முடி என்று சாதாரணமாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். குழந்தைகள் தங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதற்கு உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1985ல் ஒரு வினாத்தாள் வடிவமைத்தார். படிப்பு, நட்பு, விளையாட்டு, தோற்றம், நடத்தை என்று 5 துறைகளைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, மொத்தத்தில் உன்னை உனக்குப் பிடித்திருக்கிறதா என்றும் கேட்கும் வினாத்தாள் அது. திரும்பத் திரும்பத் தெரியவந்தது என்னவென்றால், அந்தக் கடைசிக் கேள்வியின் பதிலோடு மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பது தோற்றம்தான். படிப்பைவிட, விளையாட்டைவிட, தான் பார்க்க எப்படி இருக்கிறேன் என்பதுதான். இது தெரிந்த பிறகு, முகம் வரையச் சொல்வது வெறும் பயிற்சி இல்லை என்று எனக்குப் பட்டது. ஒரு குழந்தையிடம் கண்ணாடியைக் கொடுத்து "உன்னை வரை" என்று சொல்லும்போது எதை அவள் கையில் கொடுக்கிறோம் என்று யோசித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சூப்பர் என்று சொன்னால் என்ன ஆகிறது

அவள் தாளைக் கவிழ்த்த அன்று இரவு தேட ஆரம்பித்து, சில நாட்கள் கழித்து ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. நெதர்லாந்தில் எடி பிரமல்மனும் அவருடைய குழுவினரும் 2014ல் வெளியிட்டது. 8 முதல் 12 வயதுவரையான 240 குழந்தைகளிடம் வான்கோவின் ரோஜாப் பூ ஓவியம் ஒன்றைக் கொடுத்து அதைப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். தொழில்முறை ஓவியர் ஒருவர் அதைப் பார்ப்பார் என்றும் சொல்லிவைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஓவியர் எழுதியதாக ஒரு சீட்டு வருகிறது. சிலருக்கு "அழகான படம்" என்று. சிலருக்கு "நம்பவே முடியாத அளவுக்கு அழகான படம்" என்று. சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு, அடுத்து எதை வரையப் போகிறாய் என்று கேட்டு, சுலபமானவை சிலவும் கடினமானவை சிலவும் காட்டுகிறார்கள். கடினமானதில் நிறையத் தப்பு வரலாம், ஆனால் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ள குழந்தைகள் பெரிய பாராட்டுக்குப் பிறகு துணிந்து கடினமானதை எடுத்தார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் குழந்தைகள் அதே பெரிய பாராட்டைக் கேட்ட பிறகு கடினமானதிலிருந்து விலகிப் போனார்கள்.

படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரிய சொல்லைக் காப்பாற்ற வேண்டிய பாரம் குழந்தையின் தலையில் ஏறுகிறது. அடுத்த படமும் நம்ப முடியாத அழகோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிடச் சுலபமானதை எடுப்பது, அல்லது எதையுமே எடுக்காமல் இருப்பது நல்லது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: தாழ்வாக உணரும் குழந்தைகளுக்குத்தான் பெரியவர்கள் இப்படிப்பட்ட பெரிய பாராட்டை அதிகமாகக் கொடுக்கிறார்கள். யாருக்கு அது ஒத்துக்கொள்ளாதோ அவர்களுக்கே தேடிப்போய்க் கொடுக்கிறோம். நான் செய்ததும் அதுதான். நன்றாக வரைந்தவளிடம் "இந்த நிழலை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்" என்று வேலை பேசினேன். ஓட்டை விழ அழித்தவளிடம் சூப்பர் என்றேன். இரண்டையும் ஒரே அறையில், ஒரே குரலில் சொன்னேன். 11 வயதுப் பெண்ணுக்கு அந்த வித்தியாசம் புரியாதா?

"இங்கே தப்பு என்று எதுவுமே இல்லை" என்ற வாசகத்தையும் அப்போது சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். படைப்புப் பட்டறைகளில் இது மந்திரம்போல ஓடும் வாசகம். 5 வயதுக் குழந்தைக்கு அது உண்மை. 11 வயதுக் குழந்தைக்கு அது உண்மையில்லை. கண் நெற்றியில் இருப்பது அவளுக்குத் தெரிகிறது. தப்பே இல்லை என்று நான் சொன்னால், ஒன்று எனக்குக் கண் தெரியவில்லை, இல்லையென்றால் இவளுக்கு இவ்வளவு போதும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அந்தத் தாளை நானே கழற்றினேன்.

கண்ணாடி முன்னால் நின்று "நான் திறமையானவள், நான் அழகானவள்" என்று சொல்ல வைக்கும் பயிற்சிகளையும் அதற்கு முன்பே விட்டிருந்தேன். சுயமதிப்பை உயர்த்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நம்பி, 1986ல் கலிஃபோர்னியா மாநிலம் அதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. 2003ல் ராய் பாமைஸ்டரும் இன்னும் 3 ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, சுயமதிப்பை மட்டும் ஊதிப் பெருக்குவதால் படிப்போ வேலையோ முன்னேறுவதாகத் தெரியவில்லை. நன்றாகச் செய்தவர்களுக்குச் சுயமதிப்பு பின்னால் வந்திருந்தது. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "நான் அழகானவள்" என்று சொல்லும்போது குழந்தைகளின் குரல் எப்படித் தேய்ந்துபோகும் என்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

தொண்டை கட்டிய வாரம்

ஆறாவது வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. பட்டறையை நிறுத்த மனமில்லாமல் போய்விட்டேன். "இன்று அக்காவால் பேச முடியாது. எதிரே இருப்பவர் கையால் முகவாயைத் தாங்கி உட்கார்ந்திருப்பதை வரையுங்கள். நானும் வரைகிறேன்" என்று பலகையில் எழுதினேன். வழக்கமாக நான் வரைவதில்லை. சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொருவரிடமும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்று சொல்ல முடியாது என்பதால் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். தற்செயலாக என் பக்கத்து இடம் அவளுடையது.

அரை மணி நேரம் போயிருக்கும். நான் வரைந்துகொண்டிருந்த படத்தில் ஏதோ சரியாக இல்லை. முகம் பரவாயில்லை, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் உறுத்தியது. தள்ளி வைத்துப் பார்த்தேன், கிட்டே வைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. ஒரு கோட்டை அழித்தேன், திரும்பப் போட்டேன், திரும்ப அழித்தேன். பக்கத்தில் பென்சில் சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் தன் தாளை விட்டுவிட்டு என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை விரித்துக் காட்டினேன், என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதுபோல. அவள் கொஞ்ச நேரம் தயங்கினாள். அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "கை சின்னதா இருக்கு அக்கா."

நான் பார்த்தேன். சின்னதாகத்தான் இருந்தது. எவ்வளவு சின்னது என்று கேட்கக் குரல் இல்லாததால் புருவத்தை உயர்த்தினேன். அவள் தன் வலது உள்ளங்கையைத் தன் முகத்தின்மேலேயே வைத்தாள். மணிக்கட்டு முகவாயில், விரல் நுனிகள் நெற்றியில். அப்படியே விரல் சந்து வழியாக என்னைப் பார்த்தாள். "இவ்ளோ வருது. நீங்க பாதிதான் போட்டிருக்கீங்க." முகவாயிலிருந்து நெற்றியின் மேல்பாதிவரை ஒரு கை நீளம் என்பது உருவம் வரைகிறவர்கள் எல்லாரும் படிக்கும் பாடம். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவளே அளந்து கண்டுபிடித்தாள். என் ரப்பரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எடுக்கவில்லை. தன் பென்சிலை எடுத்து, என் படத்தில், நான் போட்ட கைக்கு மேலேயே, விரல்கள் எங்கே முடிய வேண்டும் என்று ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். பிறகு உடனே தன் தாளுக்குத் திரும்பிவிட்டாள். நான் அந்தப் புள்ளிவரை விரல்களை இழுத்தேன். படம் உயிர் பெற்றதுபோல நிமிர்ந்தது. அதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும்.

இதுதான் நடந்தது. அன்று அவள் படம் ஒன்றும் பிரமாதமாக வந்துவிடவில்லை. ஆனால் முழங்கையால் மறைக்கவில்லை. தன் படத்திலும் முகத்தின்மேல் கையை வைத்து வைத்து அளந்து பார்த்தாள். 6 வாரமாக அவளிடம் பெரிய குறை என்று நான் நினைத்திருந்தது எதுவோ, தப்பு உடனே கண்ணில் பட்டுவிடுவது, அதுதான் அவளிடம் இருந்த மிகப் பெரிய திறமை. அந்தக் கண்ணை அவள் தன்மேல் மட்டுமே திருப்பி வைத்திருந்தாள். முதல் தடவையாக அதை வெளியே, வேறொருவர் வேலைமேல், பயன்படும்படி திருப்பினாள். நான் அதை ஏற்றுக்கொண்டு மாற்றினேன். சூப்பர் என்று 100 தடவை சொல்லியிருந்தாலும் அந்தப் புள்ளியின் வேலையை அது செய்திருக்காது என்று நம்புகிறேன்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே எழுதியது இதைத்தான். என்னால் முடியும் என்ற எண்ணம் 4 வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து முடித்துப் பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் உன்னால் முடியும் என்று சொல்வது, செய்யும்போது உடலும் மனமும் பதறாமல் இருப்பது. இவற்றில் வலுவானது முதலாவது. பிறர் சொல்வது அதைவிட வெகுவாக வலுக் குறைந்தது. நான் மூன்றாவதில் மட்டுமே பட்டறையை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மாற்றியவை

அடுத்த வாரம் குரல் திரும்பியது. முதல் வேலையாகத் தலையின் அளவுகளைச் சொல்லிக் கொடுத்தேன். உச்சந்தலையிலிருந்து கண்வரை எவ்வளவோ, கண்ணிலிருந்து முகவாய்வரை அவ்வளவுதான். அதாவது கண் இருப்பது தலையின் நட்ட நடுவில். குழந்தைகள் நம்ப மாட்டார்கள். நூலை எடுத்து ஒருவர் தலையை ஒருவர் அளந்து பார்த்த பிறகுதான் நம்புவார்கள். காதின் மேல்முனை புருவத்துக்கு நேரே, கீழ்முனை மூக்கின் அடிக்கு நேரே. இவ்வளவுதான் பாடம், 20 நிமிடம். அன்று அந்த 12 தாள்களிலும் கண்கள் நெற்றியிலிருந்து இறங்கி வந்தன. "ஐயோ, நிஜமா மனுஷன் மாதிரி இருக்கு" என்று ஒரு குழந்தை கத்தினாள். சொல்லிக் கொடுத்தால் கற்பனை செத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இந்த வயதுக் குழந்தை கேட்பது வழி. அதைக் கொடுக்காமல் சுதந்திரத்தை மட்டும் கொடுப்பது அவளைத் தனியாக விடுவதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பாராட்டை நான் நிறுத்திவிடவில்லை. பார்த்ததைச் சொல்வதாக மாற்றிக்கொண்டேன். "இந்த ஜடையின் பின்னலை ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறாய்." அவ்வளவுதான். அதற்கு மேல் "இதில் உனக்கு எந்த இடம் பிடித்திருக்கிறது? எந்த இடம் இன்னும் உறுத்துகிறது?" என்று 2 கேள்விகள். முதலில் எல்லாரும் "தெரியல" என்பார்கள். நான் காத்திருப்பேன். மனதுக்குள் 10 எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டம். பெரும்பாலும் 7, 8 எண்ணும்போது பதில் வந்துவிடும்.

நடுவில் ஒன்று. ரப்பரைப் பிடுங்கி வைக்காதீர்கள். நானும் ஒரு சுற்றில் செய்து பார்த்தேன். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார்கள், ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாள். அழிக்கும் உரிமையைப் பிடுங்குவதைவிட, அழிக்கத் தேவையில்லாத வேலையைக் கொடுப்பது நல்லது. தாளைப் பார்க்காமல், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், எதிரே இருப்பவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வரையும் பயிற்சி ஒன்று உண்டு. எல்லாருடைய படமும் கோணல்மாணலாகத்தான் வரும், பெரிய ஓவியர் வரைந்தாலும் அப்படித்தான் வரும். அதனால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த 5 நிமிடம் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் முகத்தைக் குறை தேடாமல், வெறும் கோடாக, வளைவாக உற்றுப் பார்க்கிறாள். தன்னையும் ஒருத்தி அப்படிப் பார்க்கிறாள் என்பதும் தெரிகிறது. கண்ணாடியைக் கையில் கொடுக்கும் முன் இதை 2 வாரமாவது செய்ய வைக்கிறேன்.

கடைசி நாள் கண்காட்சியில் கொடுத்துவந்த முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகளை நிறுத்தியதுதான் பெற்றோரிடம் பிரச்சினையானது. பரிசு இருந்தால்தானே உற்சாகம் என்றார்கள். உளவியலாளர் தெரசா அமபிலி 1982ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். 7 முதல் 11 வயதுச் சிறுமிகள் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்கிறார்கள். ஒரு குழுவுக்குச் சிறந்த படங்களுக்குப் பரிசு என்று சொல்லப்படுகிறது, இன்னொரு குழுவில் பரிசு குலுக்கலில். யார் எந்தக் குழு என்று தெரியாத ஓவியர்கள் மதிப்பிட்டபோது, போட்டி போட்டவர்களின் படங்களில் படைப்புத்திறன் குறைவாக இருந்தது. சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் இல்லை. ஒரு அப்பா மகளை அடுத்த சுற்றுக்கு அனுப்பவில்லை. அது வருத்தம்தான். ஆனாலும் பரிசைத் திரும்பக் கொண்டுவரப் போவதில்லை. 12 பேர் உள்ள அறையில் 3 பேருக்குப் பரிசு கொடுத்தால், 9 பேர் "எனக்கு வராது" என்பதற்குச் சான்றோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

நாடகத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுத முடியாது. ஒன்று மட்டும்: வாயே திறக்காத குழந்தை கையில் ஒரு காலுறைப் பொம்மையை மாட்டிக்கொண்டால் பொம்மை பேசும். பொம்மையிடம் கேள்வி கேளுங்கள், குழந்தையிடம் கேட்காதீர்கள். அதுவே போதும்.

பத்தாவது வாரம்

கடைசி வாரம் குட்டிப் புத்தகம். ஒரே தாளை மூன்று முறை மடித்து, பிரித்து, நடுவில் ஒரு வெட்டு கொடுத்து மடக்கினால் 8 பக்கம் வரும். அட்டையில் தன் முகம், உள்ளே என்ன வேண்டுமானாலும். அவள் தூரிகையும் கறுப்பு மையும் கேட்டாள். மையை அழிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

வாசலில் அவள் அம்மா முன்கூட்டியே வந்து நின்றிருந்தார். "எப்படி மேடம், கொஞ்சம் கான்ஃபிடன்ஸ் வந்திருக்கா?" என்றார். பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவர் எதிர்பார்க்கும் மாதிரி அவள் மேடையேறிப் பேசவில்லை, கையைத் தூக்கவில்லை, "நான் நல்லா வரைவேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "இப்பல்லாம் நிறைய கம்ப்ளெயின்ட் பண்றா, அதுதான் எனக்குச் சந்தோஷம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டு மேஜையைக் காட்டினேன்.

அட்டையில் முகம் முடிந்திருந்தது. கண்கள் தலையின் நடுவில். ஒரு கண் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. முகவாயில் ஒரு கை. அம்மா குனிந்து பார்த்து "நல்லா இருக்குடி" என்றார். "மூக்கு மட்டும் வரலம்மா. பக்கத்துல இருந்து பாத்தா எப்படிப் போடறதுன்னு தெரியல" என்றாள். அதை அவள் சொன்னது அம்மாவிடம், ஆனால் பார்த்தது என்னை. அடுத்த சுற்றில் பக்கவாட்டு முகம் சொல்லித் தருகிறேன் என்றேன். "எப்ப ஆரம்பிக்குது?" என்று கேட்டாள்.

எல்லாருடைய புத்தகங்களையும் சேகரித்து அடுக்கிக்கொண்டு வந்தேன். அவளுடையதை எடுத்து, அழுக்காகிவிடக் கூடாதே என்று அடுக்கின்மேல் முகம் கீழே இருக்கும்படி வைக்கப் போனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கவுத்து வைக்காதீங்க அக்கா. இன்னும் காயல."